மாலை நான்கு மணிப் பசி

(ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கு வரும் பிள்ளை பசியோடு பெஞ்சில் உட்காரக் கூடாது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்துவிட்டது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது அப்போதைய கணக்கு. 1956-ல் காமராசர் அந்த எண்ணத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தட்டுக்கு வந்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. 2022 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாள். அன்று மதுரை ஆதிமூலம் தொடக்கப் பள்ளியில் மு.க. ஸ்டாலின் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகளில் ஆரம்பித்தது, அடுத்த ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துசேர்ந்தது. பிறகு ஊரகத்திலும் நகரத்திலும் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது.

நண்பகலுக்கு வழி பிறந்தது, காலைக்கும் பிறந்துவிட்டது. மிஞ்சி நிற்பது மாலை. நாலேகால் மணிக்குப் பள்ளி வாசலுக்கு வரும் பிள்ளை, இரவு எட்டு ஒன்பது மணிக்குச் சோற்றில் கை வைக்கும்வரை என்ன சாப்பிடுகிறது? யாரிடம் வாங்குகிறது? யாரோடு இருக்கிறது? இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் நல்ல உணவையும் நல்ல பழக்கங்களையும் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள், அந்த நாலைந்து மணி நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தச் சொற்பொழிவின் சாரம் அவ்வளவே.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். அதன்பின் டெய்ம்லரின் லாரிகள், ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள்கள், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுகள், சுங்குவார்சத்திரத்தின் மின்னணு ஆலைகள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்களில் இன்று லைன் வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்துக் குடும்பங்கள் அந்த வீடுகளில் குடியிருக்கின்றன.

ஊரின் நேரத்தை வகுப்பது ஷிஃப்ட். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் இருள் பிரியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருபவர் வீடு சேரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. இரவு ஷிஃப்ட் பார்த்தவர் பகலில் உறங்க வேண்டும். அவர் தூக்கம் கெடாமலிருக்கப் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்து மூலையில் உட்காரவைக்கிறார்கள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைதான் பூட்டைத் திறக்கிறது. அதன் கையில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ இருக்கும். அந்தக் காசுக்கு எதை வாங்கித் தின்பது என்று முடிவெடுக்க அங்கே அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை. முடிவெடுப்பது எட்டு வயதுப் பிள்ளை.

ஆகவே, 'அம்மாவிடம் சொல்லித் தினமும் கீரை சமைக்கச் சொல்' என்று முடியும் பாடம் இந்த வகுப்பறைக்குப் பற்றாது. வாங்குகிறவரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தேவை அறிவுரை மட்டுமில்லை. வாங்கத் தெரிவதும், பார்த்துப் பிரிக்கத் தெரிவதும், மறுக்கத் தெரிவதும்தான்.

இதே வட்டாரத்தில் பெரியவர்களின் சாப்பாட்டுக்குச் சட்டம் துணை நின்றிருக்கிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இடம் வகுத்தது. கம்பெனி கான்டீனில் சோறும் சாம்பாரும் பொரியலும் மோருமாக அப்பா சாப்பிடும் நாளில், அவர் பிள்ளை பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறது. ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு விதமான சாப்பாடு.

கான்டீனும் விடுதியும் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இந்த மண் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்துக்கு அருகிலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 250-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது.

இந்தப் பெண்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்போ, ஐடிஐயோ, டிப்ளமாவோ முடித்த கையோடு வேலைக்கு வருபவர்கள். ஓரிரு ஆண்டுக்கு முன்புவரை பள்ளிச் சீருடை போட்டவர்கள். உணவைப் பற்றி யாராவது அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமென்றால், அந்தக் கடைசி இடம் பள்ளிதான். சோறு எப்போது கெடும், சமைத்த சோறும் குழம்பும் வெளியே எவ்வளவு நேரம் இருக்கலாம், கெட்ட வாடை வந்தால் யாரிடம் சொல்வது, சாப்பாட்டில் குறை கண்டால் பயமில்லாமல் எப்படி எழுதிக் கொடுப்பது என்பதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பாடமாக வேண்டிய ஊர் இது.

பிள்ளைகளின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது? 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேருக்கும், பத்து முதல் பத்தொன்பது வயதினரில் 28 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் பாதிக்கு மேல், 53 சதவீதத்தினர், ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை உள்ளவர்கள். சத்துக் குறைவும் எடைக் கூடுதலும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே உடம்பில் இருக்கின்றன.

பள்ளியைப் பொறுத்தும் இது மாறுகிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பினர் சென்னையில் 51 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 19,000 பிள்ளைகளை அளந்து, 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் பள்ளிகளில் அதிக எடையும் உடல் பருமனும் 21.4 சதவீதம்; அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். உலக அளவில் 2025-ல் யுனிசெஃப் சொன்னது இன்னும் கனமான செய்தி: ஐந்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில், எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் முதன்முறையாக அதிகமாகிவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் வருமானம் ஏறுகிறது. அப்பாவுக்கு வேலை நிரந்தரமானதும் பிள்ளை மெட்ரிக் பள்ளிக்கு மாறுகிறது, ஆட்டோவிலோ வேனிலோ போகிறது, கைக்காசு பத்திலிருந்து முப்பதாகிறது. சத்துணவுத் தட்டும் முட்டையும் அதோடு நின்றுபோகின்றன. குடும்பம் முன்னேறும் அதே ஆண்டில் பிள்ளையின் சாப்பாடு பின்னே போவதைத் தடுக்கவும் ஒரு பாடம் வேண்டும்.

அந்தப் பாடத்தைப் பள்ளி வாசலில் தொடங்கலாம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது. புகையிலைப் பொருள்களுக்கு 100 கஜ தூரத் தடை அதற்கும் முன்பிருந்தே உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அளவு நாடாவைக் கொடுத்து, வாசலிலிருந்து 50 மீட்டர் எதுவரை வருகிறது என்று அளந்து வரச் சொல்லலாம். கணக்குப் பாடமும் நடக்கும், சட்டமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கடைக்காரரைப் பிள்ளைகளின் முன்னால் குற்றவாளியாக்க வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கடை நடத்துபவர் அதே ஊர்க்காரர். நிலம் போனபின் பெட்டிக்கடை வைத்தவராகக்கூட இருக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவினர் அவரிடம் போய் உட்கார்ந்து, வேர்க்கடலை, கடலைமிட்டாய், பொரி உருண்டை, கொய்யா, வாழைப்பழம், வேகவைத்த சோளக்கதிர் ஆகியவற்றைக் கண்முன் தொங்கவிட்டு, மற்றவற்றை நிறுத்தச் சொல்லிப் பேசலாம். பிள்ளைகள் கேட்டு வாங்கினால் அவர் விற்கத் தயங்க மாட்டார்.

நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இந்த மாவட்டத்தைவிடத் தோதான இடம் இல்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் ரோடமைன்-பி என்ற சாயம் இருந்ததுதான் காரணம். புதுச்சேரி அதற்குச் சில நாள் முன்பே தடை செய்திருந்தது. ரோடமைன்-பி துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைக்குச் சாயம் என்றால் என்னவென்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. பட்டுநூலைச் சாயத்தில் தோய்ப்பதைப் பார்த்த வீடுகள் இங்கே ஏராளம். நூலில் ஏறித் தலைமுறைக்கும் போகாமல் நிற்கும் ஒரு பொருள் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும். நாக்கும் உதடும் சிவக்கும் மிட்டாயைப் பிள்ளை அடுத்த முறை சந்தேகத்தோடு பார்க்கும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது அடுத்த பாடம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு இது முடியும். சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். பாக்கெட் முழுவதிலும் 400 மில்லிகிராம் சோடியம் என்றால், ஒரு கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கே நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கான அளவுதான் போட்டிருக்கும், பாக்கெட்டோ 20 கிராம்தான் இருக்கும். விகிதக் கணக்கு அங்கே வருகிறது. சர்க்கரையும் அப்படித்தான். பல குளிர்பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 25 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரையைப் பெரியவர்கள் ஒரு நாளில் அந்த அளவுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விளையாடிவிட்டுத் தாகத்துக்குக் குடித்த ஒரே பாட்டிலில் அது முடிந்துவிடுகிறது.

கடல் தாண்டினால் இலங்கை. அங்கே 2016 முதல் இனிப்புப் பானங்களின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சர்க்கரையின் அளவைக் காட்டும் வண்ணக்குறி போடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும். சிலி நாட்டில் அதே ஆண்டு, சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயமானது. முத்திரை விழுந்த எதையும் பள்ளிக்குள் விற்க முடியாது. இந்தியாவில் 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொல்லியிருக்கிறது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பிள்ளைகளே எடை போட்டு, சிறு பைகளில் கட்டி ஒட்டும் பலகை அரசுப் பள்ளியிலும் வைக்கலாம். பத்து காலி பாட்டில்களும் ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு தராசும் இருந்தால் வேலை முடிந்தது.

வாசலிலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு வருவோம். தட்டில் வந்து விழுவது சத்தானதுதான். கலவை சாதம், முட்டை, சுண்டல், காய்கறி. பிள்ளை அதை உண்கிறதா என்பதுதான் கேள்வி. கறிவேப்பிலை ஓரத்துக்குப் போகிறது, கத்தரிக்காய் கீழே போகிறது, முட்டையின் மஞ்சள் கரு நாய்க்குப் போகிறது. ஜப்பான் இதை ஒரு பாடவேளையாகவே எடுத்துக்கொண்டது. அங்கே பள்ளி மதிய உணவுச் சட்டம் 1954-ல் வந்தது. உணவுக் கல்விக்கான அடிப்படைச் சட்டம் 2005-ல் வந்தது. ஊட்டச்சத்து கற்பிக்கத் தனி ஆசிரியர்களும் அதே ஆண்டில் வந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே வகுப்பில் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே சோற்றை அதே அறையில் சாப்பிடுகிறார். பிறகு பிள்ளைகளே சுத்தம் செய்கிறார்கள்.

நம் பள்ளிகளில் செய்ய முடிந்தது இதில் நிறைய. ஆசிரியர் ஒருவர் தினமும் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து, கத்தரிக்காயைத் தன் வாயில் போட்டுக்கொண்டாலே அரைப்பாடம் நடந்துவிடும். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் வகுப்பில் வந்து, அன்றைக்கு எதை ஏன் சமைத்தார்கள் என்று ஐந்து நிமிடம் பேசலாம். ஊரகப் பள்ளிகளில் காலை உணவு சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள். பலர் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். பருப்பில் கீரை சேர்த்தால் பிள்ளை ஏன் முகம் சுளிக்கிறது, எப்படிச் செய்தால் தின்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். உணவியல் புத்தகத்தில் இல்லாத அறிவு அது.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு பாடப்பொருள் உண்டு: கேழ்வரகு. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதைப் பார்க்காத பிள்ளை தொண்டை மண்டலத்தில் இருக்காது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120. கூழோடு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைப்பது நாக்குக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமாக இருக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு மாதம் தெருவில் நின்று குடிக்கும் கூழை மற்ற மாதங்களில் ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்கும் எண்ணம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. ஆசிரியர் மேசையில் கேழ்வரகு அடையோ புட்டோ இருப்பதைக் கண்டால் அந்த எண்ணம் கரையும்.

இரும்புச்சத்தைப் பற்றிப் பேசாமல் இங்கே உணவுப் பாடம் முழுமையாகாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் 2013 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. பல பிள்ளைகள் அதை வாங்கிப் பையில் போட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வீசிவிடுகிறார்கள். ஒருமுறை குமட்டியிருக்கும்; மலம் கறுத்திருக்கும், பயந்திருப்பார்கள். வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பிட்ட பின் போட வேண்டும், மலம் கறுப்பது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மாத்திரைகள் குப்பைக்குப் போகா. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சேர்வது குறையும். ஷிஃப்டுக்குப் போகும் வீடுகளில் டீயும் பன்னும்தான் பல நேரம் காலை உணவு. நாளைக்கு விடுதிக்கும் கம்பெனிக்கும் போகப்போகும் பெண்பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி பல ஆண்டுக்கு உதவும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரையும் இதே கணக்கில் சேரும். கழிப்பறைக்குப் போய்வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் புழு திரும்ப வரும். புழு வந்தால் ரத்தம் குறையும். இந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும்.

இனி அந்த மாலை நேரம்.

பத்து ரூபாயை வைத்துக்கொண்டு என்ன வாங்கலாம் என்று வகுப்பில் ஒரு பட்டியல் போடச் சொல்லலாம். ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இரண்டு கடலைமிட்டாய், ஒரு காகிதப் பொட்டலம் பொரி. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை பொரியோடு வெங்காயமும் பச்சைமிளகாயும் கடலையும் கலந்து தின்னும் வழக்கத்தைச் சொல்லும். பீகார் பிள்ளை வீட்டில் வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். கோடையில் வயிறு நிறைய வைக்கும் சத்துபானம் அது. நம் ஊர்ப் பிள்ளை பொட்டுக்கடலை மாவை நினைத்துக்கொள்ளும். அடுப்பைப் பற்றவைக்காமல் எட்டு வயதுப் பிள்ளை தானே செய்துகொள்ளக்கூடிய பண்டங்கள் இவை. பூட்டிய வீட்டைத் திறந்து தனியாக இருக்கும் பிள்ளைக்கு அதுவும் முக்கியம்.

அதற்கடுத்தது விளையாட்டு. ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அங்கே 'நடந்து போ, சைக்கிளில் போ' என்று பிள்ளைக்குச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. லைன் வீட்டு வாசலில் பம்பரம் விடக்கூட இடமில்லை. ஊரில் பாதுகாப்பாக மிஞ்சியிருக்கும் வெற்றிடம் பெரும்பாலும் பள்ளி மைதானம்தான். அதை நாலேகாலுக்குப் பூட்டாமல் ஐந்தரை மணிவரை திறந்துவைத்தால் கபடியும் கோகோவும் தானாகவே நடக்கும்.

தூக்கமும் பாடத்தில் வர வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை. அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை விழித்திருந்து, அவர் வாங்கிவரும் ஃப்ரைட் ரைஸைப் பதினோரு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் பிள்ளை, மறுநாள் காலைப் பொங்கலை வேண்டாமென்று தள்ளுகிறது. ஆசையோடு வாங்கிவரும் அப்பாவை யாரும் குறை சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில் அவரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம்: அந்தப் பொட்டலத்தை வார விடுமுறை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.

சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டியவையும் உண்டு. எல்லோர் முன்னாலும் எடை போட்டு எண்ணை உரக்கப் படிக்கக் கூடாது. குண்டு, ஒல்லிப்பிச்சான் என்ற பட்டப்பெயர்கள் ஆசிரியரின் வாயிலிருந்து வந்துவிட்டால் பள்ளி முடியும்வரை அந்தப் பிள்ளையை விடா. டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லிச் சோதனை போடுவதும் வேண்டாம். கருவாடு கொண்டுவரும் பிள்ளையும், பழைய சோறு கொண்டுவரும் பிள்ளையும், ஒன்றும் கொண்டுவராத பிள்ளையும் அதே வரிசையில் இருக்கிறார்கள். உணவுப் பாடம் எந்த வீட்டுச் சாப்பாட்டையும் தாழ்த்தக் கூடாது. பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுப்பதை ஒரேயடியாகத் தடுக்காமல் கடலைமிட்டாய்க்கும் கொய்யாவுக்கும் மாற்றினால் கொண்டாட்டம் குறையாது.

பாடம் மட்டும் நடத்திப் பழக்கம் மாறுமா என்ற கேள்விக்கு ஒரு பெரிய சோதனை விடை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 1991 முதல் 1994 வரை, நான்கு மாநிலங்களில் 96 பள்ளிகளை எடுத்து 'கேட்ச்' என்ற திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். வகுப்புப் பாடத்தோடு பள்ளிச் சமையலையும் உடற்பயிற்சி வேளையையும் சேர்த்தே மாற்றினார்கள். சில பள்ளிகளில் பெற்றோரையும் சேர்த்தார்கள். பள்ளி உணவில் கொழுப்பு குறைந்தது, பிள்ளைகள் அதிகம் ஓடியாடினார்கள். மூன்று ஆண்டு கழித்து, அவர்கள் வேறு பள்ளிக்குப் போன பிறகும், உணவுப் பழக்கத்தில் வந்த மாற்றம் பெருமளவு நிலைத்திருந்தது. ரத்தக் கொழுப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். உடம்பு மாற நாளாகும். பழக்கம் மாற, பிள்ளையைச் சுற்றியுள்ள இடமும் நேரமும் மாற வேண்டும்.

தமிழ்நாடு மாலை நேரத்தைத் தொட்டுப் பார்க்காமலும் இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஊருக்குள் தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோயில் திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் மாலை நேரத்துக்கு ஆள் கிடைப்பார்கள் என்பதை அது நிரூபித்தது. அப்படிக் கூடும் பிள்ளைகளின் கையில் ஒரு கிண்ணம் சுண்டல் சேர்ந்தால் இந்தச் சொற்பொழிவில் கேட்டது ஏறக்குறைய கிடைத்துவிடும்.

பணம் எங்கிருந்து வரும் என்றால், இந்த அளவுக்குப் பணம் அருகிலேயே இருக்கும் கிராமங்கள் தமிழ்நாட்டில் குறைவு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தில் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் வந்திருக்கிறது, ஸ்மார்ட் வகுப்பறை வந்திருக்கிறது, மேசை நாற்காலி வந்திருக்கிறது. இவற்றோடு மாலைச் சுண்டலையும், ஐந்தரை மணிவரை மைதானத்தில் நிற்கும் ஒரு விளையாட்டுப் பயிற்றுநரின் சம்பளத்தையும் கேட்கலாம். சத்துணவுக் கூடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அது சும்மாதான் கிடக்கிறது. சமையல் உதவியாளருக்குக் கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தைக் கட்டாயம் அதில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் பசியை ஆற்றும் வேலையை இலவசமாகச் செய்யச் சொல்லி எந்தப் பெண்ணிடமும் கேட்கக் கூடாது.

கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். ஆகவே கடலையை யார் வாங்கித் தருவது, யார் வேகவைப்பது, மைதானச் சாவி யாரிடம் இருப்பது என்ற மூன்றையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம். தலைமையாசிரியர்களும் ஆலைகளின் பிரதிநிதிகளும் பெற்றோரும் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கலைந்து போவதற்கு முன் அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொண்டு போகும்படி வேண்டிக்கொண்டு இந்த உரை நிறைவுபெறுகிறது.